980 கிராம் கோழி

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் வெள்ளைக்கோழியின் வயதை வாரக்கணக்கில்தான் சொல்வார்கள். இருபது வாரம் நெருங்கும்போது முட்டையிட ஆரம்பிக்கும். எண்பது வாரம் தாண்டி முட்டை குறைந்தால், கறிக்கு ஏற்ற லாரி வந்து நிற்கும். அப்படிப்பட்ட ஒரு பண்ணையில் பல வருஷம் முட்டை பொறுக்கிய பெண்மணி, மூட்டுவலியால் வேலையை விட்டு நின்றபோது, லாரியில் ஏறவிருந்த நான்கு கோழிகளைக் காசு கொடுத்து வாங்கி வந்தார். பேத்திக்கு அவர் அம்மிச்சி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

“சாறு வெச்சாக்கூட ரெண்டு பேருக்குப் பத்தாது” என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. கழுத்தில் இறகே இல்லை. கொண்டை வெளுத்துக் கிடந்தது. (கொண்டை ஒரு பக்கம் சாய்வது இந்த இனத்துக்கு இயல்பு. வெளுப்புதான் கவலை.) நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி மாதிரி கையில் தட்டியது. பையில் போட்டுக் கொக்கித் தராசில் தொங்கவிட்டபோது மூன்று கோழிகள் 1,300 கிராமை ஒட்டி நின்றன. நான்காவது வெறும் 980.

முதல் நாள் வந்த சிக்கல் தீவனம் இல்லை, தண்ணீர். சாயங்காலம்வரை சட்டியில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. கூண்டில் குழாய் முனையைக் கொத்திச் சொட்டுச் சொட்டாகக் குடித்துப் பழகிய கோழிகளுக்குச் சட்டி என்றால் என்னவென்றே தெரியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி விரலை நனைத்து, சொட்டு தொங்கும்படி நீட்டினாள். ஒரு கோழி கொத்தியது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டிக்குள் இறக்கினாள். ஒன்று குடித்ததைப் பார்த்து மற்றவையும் குடித்தன.

இளைத்த கோழி என்றதும் வீட்டுக்காரர் நொய்யரிசி மூட்டையைப் பிரித்தார். அம்மிச்சி விடவில்லை. நொய் வயிற்றை ரொப்பும், இறகை முளைக்க வைக்காது. இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதனால் பழகிய முட்டைக்கோழித் தீவனத்தையே லேசாக ஈரமாக்கி, நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். அவ்வப்போது வேகவைத்த முட்டை. முட்டை போட்டவளுக்கே முட்டையா என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தார். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் கோழி அதைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் போனது. மூன்று தேறின. 980 கிராம் கோழி 990-ல் நின்றது.

இருட்டியபிறகு அதன் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தார் அம்மிச்சி. அடையும் நேரத்தில் உருண்டையாக இருக்க வேண்டிய பை தொளதொளவென்று இருந்தது. தின்றும் இளைக்கவில்லை, தின்னவே விடவில்லை. மற்ற மூன்றும் தட்டிலிருந்து கொத்தி விரட்டியிருக்கின்றன. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இன்னொரு தட்டு வைக்கப்பட்டது. கொண்டை வெளுப்புக்காக எச்சத்தை அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டியபோது குடற்புழுவும் இருந்தது தெரிந்தது. மருந்தை எடைக்குத் தக்கபடிதான் அளக்க வேண்டும் என்பதால், பேத்தி எழுதிவைத்த எடை நோட்டு அங்கே உதவியது. மருந்து கொடுத்த நாட்களில் கிடைத்த ஒன்றிரண்டு முட்டைகளைச் சாப்பிடாமல் குழியில் போட்டார்கள். ராத்திரியில் டார்ச் அடித்து மரக்கட்டை இடுக்குகளில் செள்ளும் பேனும் தேடினார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு கோழி செத்துப்போனது. இளைத்தது இல்லை, நான்கிலும் கனமானது. நோட்டில் அதன் எடை வாராவாரம் ஏறியிருந்தது. ஆனால் நெஞ்செலும்பு மட்டும் கூர்மையாகவே இருந்ததை அம்மிச்சி கவனித்து, என்னவோ என்றிருந்தார். ஏறியது சதை இல்லை, நீர். மஞ்சள்கரு முட்டைப்பாதைக்குள் போகாமல் வயிற்றில் தங்கிச் சீழ் பிடித்திருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். நிறைய முட்டையிடும் கோழிகளுக்கு இது வரும், வந்தால் பிழைப்பது அரிது என்றும் சொன்னார். பேத்திக்குப் போனில் சொல்ல அம்மிச்சிக்கு இரண்டு நாளானது. அதற்கப்புறம் தராசில் போடும் முன் நெஞ்சையும் அடிவயிற்றையும் தடவிப் பார்க்காமல் எடை எழுதுவதில்லை.

கணக்குப் பார்த்தால் நட்டம்தான். ஒரு கோழி நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் தீவனம் தின்னும். இறகு முளைக்கிற காலத்தில் முட்டையும் வைக்காது. வீட்டுக்காரர் இந்தக் கணக்கைத் தினமும் சொல்கிறார், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கும் தட்டை நிரப்பிக்கொண்டே.

ஒன்பதாவது வாரம் அந்தச் சின்னக் கோழி 1,240 கிராம். கழுத்தில் ஊசி ஊசியாக இறகு குத்திக்கொண்டு நிற்கிறது. பேத்தி போன் செய்து எடை கேட்டுவிட்டு, முட்டை வைத்ததா என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல கண்ணு. வெக்கறப்ப வெக்கட்டும்.”