ராடும் கிரேயும்: பீரோவில் கிடக்கும் பழைய சீட்டு

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அளவுகள் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. சேரும் பவுண்டும் போய் கிலோ வந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் பழைய கோப்பு ஏக்கரில் இருக்கும், மேலிடத்துப் படிவம் ஹெக்டேரில் கேட்கும். 2.47ஆல் வகுத்து வகுத்தே என் சர்வீஸில் பாதி போயிற்று. அதே மாதிரி இன்னொரு மாற்றமும் நடந்தது. அது நிலத்தை அளக்கும் கணக்கில் இல்லை, உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் கணக்கில். நம்மில் பலருக்கு அது தெரியாது.

நீலகிரிக்காரர்களுக்குக் கதிர்வீச்சு அந்நியமான விஷயம் இல்லை. இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் தயாரான எக்ஸ்ரே ஃபிலிம் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. பிரான்சின் பவுஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய தொழிற்சாலை அது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு இந்த மலைக்கு வந்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை உண்டு. உதகையில் டாடா நிலையத்தாரின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. வானத்திலிருந்து வரும் கதிர் கடற்கரையைவிட நம் மலையில் சற்று அதிகமாகவே விழுகிறது. அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கதிர் ஒரு பொருளில் பாய்ந்து, அதில் எவ்வளவு சக்தியை விட்டுவிட்டுப் போகிறதோ அதுதான் 'உட்கொண்ட அளவு'. 1953 முதல் இதை ராட் என்ற அலகில் சொன்னார்கள். ஒரு கிராமில் 100 எர்க் சக்தி இறங்கினால் ஒரு ராட். 1975இல் பாரீஸில் கூடிய எடை அளவு மாநாடு இதற்குக் கிரே என்ற புதிய அலகை ஏற்றுக்கொண்டது. ஒரு கிலோவில் ஒரு ஜூல் இறங்கினால் ஒரு கிரே. லூயி ஹரால்ட் கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயர் அது. மாற்றும் கணக்கு ரூபாய் பைசா போலத்தான்: 100 ராட் ஒரு கிரே. ஒரு ராட் என்பது ஒரு சென்டிகிரே.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. என் அக்காவுக்கு 1978இல் மார்பில் ஆபரேஷன் ஆகி, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கோபால்ட் கரண்ட் வைத்தார்கள். அப்போதெல்லாம் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வோம். நாற்பது வருடத்துக்கும் மேல் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு பழைய வடுவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டி வந்தது. கோயமுத்தூரில் பார்த்த இளம் டாக்டர், "முன்னே எவ்வளவு கொடுத்தாங்கன்னு தெரியாம மறுபடி கொடுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

அக்கா எதையும் தூக்கிப் போடாதவள். டிரங்க் பெட்டியில் பழுப்பேறிய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அவள் மகன் அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, உடனே போன் செய்தான். "மாமா, இதுல 5,000ன்னு போட்டிருக்கு. உடம்புல 5 கிரே பட்டாலே ஆள் பிழைக்கிறது கஷ்டம்னு படிச்சேன். அம்மாவுக்கு ஆயிரம் மடங்கா கொடுத்துட்டாங்க?" அவன் குரல் நடுங்கியது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குக் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 5,000 என்று எழுதினால் அங்கே அது வெறும் ஐந்து. அதனால் ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்பது என் பழக்கம். பக்கத்து வரியோடு ஒப்பிட வேண்டும். அடுத்த வரியில், ஒரு தடவைக்கு 200 ராட், 25 தடவை என்று டைப் அடித்திருந்தது. பெருக்கினால் ஐயாயிரம் ராட். நூறால் வகுத்தால் 50 கிரே. ஒரு தடவைக்கு 2 கிரே. இன்றைக்கும் பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுக்கும் அளவு அதுதான்.

"ஐந்து கிரேயில் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றால் ஐம்பது எப்படித் தாங்கும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்த ஐந்து கிரே, உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பட்டால். அக்காவுக்குக் கொடுத்தது ஒரு கையகல இடத்தில், ஐந்து வாரமாகப் பிரித்து. நடுவே நல்ல திசுக்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். இதில் சூடு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. 50 கிரே மொத்தமும் சேர்ந்தால் தண்ணீரை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான் சூடாக்கும். செல்லுக்குள் இருக்கும் மரபு இழையை அது அறுப்பதில்தான் வேலை நடக்கிறது.

சீட்டின் எண்களை இரண்டு அலகிலும் எழுதி அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு, அந்த இடம் ஏற்கெனவே 50 கிரே வாங்கிவிட்டதால் முழு அளவு மறுபடி கொடுக்க முடியாது, ஆபரேஷனே நல்லது என்று முடிவு செய்தார். எண்பதை நெருங்கிய அக்கா அதையும் தாங்கினாள். போன பொங்கலுக்குக் குன்னூர் வந்து, எங்கள் வீட்டுத் தேநீர் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னொரு ஜோடியும் உண்டு: ரெம், சீவர்ட். 100 ரெம் ஒரு சீவர்ட். கிரே என்பது இறங்கிய சக்தி. சீவர்ட் என்பது அதனால் வரக்கூடிய தீங்கைக் கணக்கில் சேர்த்தது. எக்ஸ்ரேக்கும் காமாக் கதிருக்கும் பெருக்கும் எண் ஒன்று, ஆல்பாத் துகளுக்கு இருபது. ஸ்கேன் செய்யும்போது கேள்விப்படும் மில்லிசீவர்ட் இந்த வகை. இயற்கையாகவே உலகத்தில் ஒரு ஆளுக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1க்குள் அடங்கும். கியூரி, பெக்கரல் என்று வந்தால் அவை வேறு. அவை மருந்தின் வீரியத்தைச் சொல்பவை. உடம்பில் எவ்வளவு இறங்கியது என்று அவற்றை வைத்து நேராகச் சொல்ல முடியாது.

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாருக்காவது எண்பதுகளிலோ அதற்கு முன்போ கரண்ட் வைத்திருந்தால், அந்தச் சீட்டைத் தேடி எடுத்து ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். ஜெராக்ஸில் மறக்காமல் நான்கு விஷயம் எழுதுங்கள்: உடம்பில் எந்த இடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு. எண்ணுக்குப் பின்னால் ராட் என்றோ கிரே என்றோ எழுத்தில் எழுதுங்கள். பழைய சீட்டில் ராட் இருந்தால் நூறால் வகுத்து, பக்கத்திலேயே கிரேயும் போட்டுவிடுங்கள். மூலச் சீட்டின் மேல் மட்டும் பேனா வைக்காதீர்கள்.