பந்து வருமுன்

ஸாப்ட்பால் ஆட்டத்தைக் காண வருவோரிற் பெரும்பாலார் பந்தை எறிபவளையும் அடிப்பவளையுமே நோக்கியிருப்பர். ஏனைய எண்மரும் அப்பொழுது வாளா நிற்பதாகவே அவர்க்குத் தோன்றும். உண்மை அஃதன்று. பந்து எறியப்படுமுன்னரே அவ்வெண்மரும் ஆட்டத்தின் பாதியைத் தம் மனத்தினுள் ஆடி முடித்திருத்தல் வேண்டும். இதனை யாம் புத்தகத்தினின்று கற்றிலேம். மூன்றாண்டு செம்மண் மைதானத்தில் இரண்டாம் பேஸருகே நின்று, முழங்கால் தேய்ந்து கற்றோம்.

1887 ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரத்துப் படகுச் சங்கமொன்றின் கட்டடத்தினுள், குத்துச்சண்டைக் கையுறையொன்றைப் பந்தாகக் கட்டித் தொடங்கிய விளையாட்டு இது. இன்றும் இதில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 அடியே. தாயாட்டமாகிய பேஸ்பாலிலோ 90 அடி. இவ்வேறுபாடு காப்போர்க்குச் சிந்திக்கும் அவகாசத்தைப் பெரிதும் குறைத்துவிடுகின்றது. விரைந்தோடுபவள் ஒருத்தி ஏறத்தாழ மூன்று விநாடியில் முதற் பேஸை அடைந்துவிடுவாள். பந்து கைக்கு வந்தபின் ‘எங்கே எறிவேன்?’ என்று எண்ணத் தொடங்கினவளுக்கு எறிவதற்கு இடமே இராது.

ஆகவே எத்தனை அவுட் ஆயின, எந்தப் பேஸில் எவள் நிற்கின்றாள், எத்தனை ரன் வித்தியாசம், இன்னும் எத்தனை இன்னிங்ஸ் என்பவற்றை ஒவ்வொரு பந்துக்கு முன்னரும் நினைவிற் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். பின்னாலொருத்தி வருதலின் ஓடியே தீரவேண்டியவளாயின், பந்தைக் கையிற்கொண்டு பேஸை மிதித்தாலே அவள் அவுட். அங்ஙனமன்றாயின் பந்தால் அவள் மெய்யைத் தொடல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாதார் செய்யும் விபரீதங்களை எழுதப்புகின் இம்மலரில் இடம் போதாது.

இனி எம் உள்ளத்தை நெடுநாள் வருத்திய ஒரு செய்தியைக் கூறுவோம். வெளியூர்க் கல்லூரியொன்றன் மைதானத்தில் அவ்வூராரோடு ஆடினோம். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். யாம் இரண்டு ரன் முந்தியிருந்தோம். ஒரு அவுட் ஆகியிருந்தது. அவர்களுள் ஒருத்தி மூன்றாம் பேஸில் நின்றாள், ஏனைய பேஸ்களில் எவரும் இலர். தரையோடு உருண்டு வந்த பந்தை எம் ஷார்ட்ஸ்டாப் எடுத்தாள். மூன்றாம் பேஸிலிருந்தவள் ஹோமை நோக்கிப் பறந்தாள். எம்மவளோ அவளை ஏறிட்டும் பாராமல் முதற் பேஸுக்கு எறிந்தாள். அடித்தவள் அவுட், ஓடியவள் ரன் எடுத்தாள். அடுத்து வந்தவள் நான்கு பால் பெற்று முதற் பேஸுக்கு நடந்தாள். அவளுக்கு அடுத்தவள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அடித்தாள். இரண்டு ரன், ஒரு ரன்னில் தோற்றோம்.

பழியெல்லாம் ஷார்ட்ஸ்டாப்பின் தலைமேல் விழுந்தது. “ஹோமுக்கு எறியக் கையில்லையா?” என்று வேடிக்கை பார்த்தோரும் ஏசினர், எம்மவருட் சிலரும் பேருந்தில் அவளோடு பேசிற்றிலர். மறுநாள் அவள் எம்மிடம் வந்து, “அக்கா, இனி நான் ஆட வரவில்லை” என்றாள்.

அவள் செய்தது முற்றிலும் சரியென்பதே அன்றும் இன்றும் எம் துணிபு. ஹோமுக்கு ஓடியவளைப் பந்தால் தொட்டே அவுட் ஆக்கவேண்டும். அவளோ பாதி வழி கடந்துவிட்டாள். எறிந்தது ஒரு நொடி பிந்தினும் ரன்னும் போம், முதற் பேஸில் அடித்தவளும் நிற்பாள், அவுட்டும் ஒன்றே. இரண்டு ரன் முந்தியிருப்போர்க்கு மூன்றாம் பேஸில் நிற்பவள் பகையல்லள். அவளுக்குப் பின்னே வருபவளே பகை. ஒரு ரன்னைக் கொடுத்து ஐயமற்ற அவுட்டை வாங்கினாள் எம் தோழி. பேஸெல்லாம் வெறுமையாக, இரண்டு அவுட்டோடு, ஒரு ரன் முந்தி நின்றோம். அதன்பின் வந்த நான்கு பாலும் பேரடியும் அவள் முடிவின் விளைவல்ல. இதனைக் குச்சியால் மணலிற் கோடிட்டு அவளுக்கும், ஏசிய தோழியர்க்கும் காட்டினோம். சிலர் ஒப்பினர், சிலர் இன்றும் ஒப்பார். மறுவாரம் அவள் மைதானத்துக்கு வந்தாள். எம் கணக்கு அவளை வருவித்ததோ, விளையாட்டின் ஆசையோ, அறியோம்.

ஓடுவோர்க்கும் இத்தகைய நெருக்கடி உண்டு. பந்து எறிபவள் கையை விட்டு நீங்குமுன் பேஸை விட்டு அகலலாகாது. தரையில் உருளும் பந்தாயின் ஓடலாம். உயர்ந்தெழுந்த பந்தாயின் அது பிடிபடுமோ என்று பார்த்தல் வேண்டும். நேர்கோடாய்ப் பாயும் பந்தாயின் அது காவலரைக் கடந்ததைக் கண்டபின்னரே கால் பெயர்த்தல் வேண்டும். இரண்டு அவுட் ஆகிவிட்டாலோ இவ்வாராய்ச்சி வேண்டா. மட்டையொலி கேட்டதும் ஓடவேண்டியதே. சொல்லுதற்கு எளிது. டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதியாட்டம் 2021 ஜூலை 27 அன்று யோகோஹாமாவில் நடந்தது. அதன் ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்கப் பெண் ஒருத்தி வேகமாய் அடித்த பந்து, ஜப்பானின் மூன்றாம் பேஸ் காவலரது கையிற் பட்டுத் தெறித்தது. அது நிலந்தொடுமுன் ஷார்ட்ஸ்டாப் மானா அட்சுமி பிடித்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து இருவரை அவுட் ஆக்கினார். பேஸுக்கு மீளவியலாத அவ்வோட்டக்காரரை யாம் குறைகூறோம். அத்தெறிப்பை எவர் கணித்திருப்பர்? ஆயினும் அட்சுமி எங்கே எறிவதென்று தயங்கிற்றிலர் என்பதைக் காண்க. ஜப்பான் 2-0 என வென்றது.

மனங்கொள்ள வேண்டிய இன்னொன்று பேஸை மிதித்தல். 1996 ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டானி டைலர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹோம் ரன் அடித்தார். சூழ்ந்து களித்த தோழியரிடையே ஹோமை மிதியாது சென்றார். எதிர்த்தரப்பார் முறையிட, ரன் போயிற்று, அவுட்டும் ஆயிற்று. அவ்வாட்டம் 10 இன்னிங்ஸ் நீண்டு, ஆஸ்திரேலியா 2-1 என வென்றது. அவ்வாண்டுத் தங்கப்பதக்கம் இறுதியில் அமெரிக்காவுக்கே கிடைத்ததெனினும், எம் அணியில் இக்கதையைக் கேட்டபின் எவளும் ஹோமில் ஒரு காலோடு நிற்பதில்லை. இரு காலாலும் மிதித்து, நடுவர் முகத்தையும் பார்த்துவிட்டே கைகொட்ட வருகின்றாள்.