யார் பெயரில்

விவாகரத்து வழக்கில் வக்கீல் என்னிடம் முதலில் கேட்டது பாங்கு ஸ்டேட்மெண்ட். 2016லிருந்து வீட்டுக் கடனுக்குப் போன தவணைகள், மாதவாரியாக. பாங்கு குமாஸ்தாவுக்கு இதில் என்ன சிரமம். பத்து நிமிஷத்தில் எடுத்து, மானேஜரிடம் முத்திரையும் வாங்கிவிட்டேன். எல்லா வரியும் என் கணக்கில். “போதும் சார், வீடு உங்களுதுதான்” என்றார்.

சட்டம் அவர் பக்கம். தம்பதியின் பொதுச் சொத்து என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டி வந்த பொதுவான பொருள்களோடு நின்றுவிடுகிறது. மற்றபடி, யார் பெயரிலோ அவருடையது. தன் பங்கும் உண்டு என்பவர் நிரூபிக்க வேண்டும்.

ஸ்டேட்மெண்டை விமர்சகனின் புத்தியோடு திரும்பப் படித்ததுதான் வினை. முதல் பக்கத்திலேயே நகைக் கடன், 2,00,000 வரவு. மறுநாள் அதே தொகை வீட்டு அட்வான்ஸாகப் பற்று. நகை அவளுடைய 12 பவுன். ஊழியனுக்கு வட்டி குறைவு என்று என் பெயரில் வைத்தோம். பிறகு அதை விற்றுத்தான் கடனை முடித்தோம். நகை என் சொந்தம் என்று விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவன் நான். கவுண்டரில் தினமும் எத்தனை கணவன்மாரிடம் அதே இடத்தில் கையெழுத்து வாங்குகிறேன்!

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. விவாகரத்து வழக்கல்ல, சவூதியில் சம்பாதித்து அனுப்பிய கணவனுக்கும் இங்கே குடும்பத்தைப் பார்த்த மனைவிக்குமான சொத்துத் தகராறு. வீட்டு வேலையும் மறைமுகப் பங்களிப்பே, அவளுக்குப் பாதி உண்டு என்றார் நீதிபதி. அங்கீகரிக்கச் சட்டம் இல்லாவிட்டாலும் தடுக்கவும் சட்டம் இல்லை என்பது அவர் வாதம். முடிவில் எனக்கு ஆட்சேபமில்லை. பாஷையில் உண்டு. மனைவியானவள் மானேஜர், சமையல் நிபுணர், வீட்டு வைத்தியர், பொருளாதார நிபுணர் என்று போகிறது. அடுப்படிக்கு மதிப்பு வர ஆபீஸிலிருந்து பதவிப் பெயர்களை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. நம் கவிஞர்கள் தாயைத் தெய்வமாக்குவதும் இந்த ரகம்தான். நான் ஒரு மணி வரை புதுக்கவிதை பற்றி எழுதிக்கொண்டிருக்க, காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு அவள் விழித்திருந்த ராத்திரிகளுக்கு எந்தப் பதவி?

நகை விஷயத்தை வக்கீலிடம் சொன்னேன்.

“அவங்க தரப்புல கேட்டாங்களா?”

“இல்லை.”

“அப்புறம் நீங்க ஏன் சார்?”

கடன் முடிந்து திரும்பிய சீட்டு என் அலமாரியில், பழைய பத்திரிகைகளுக்கிடையே கிடந்தது. போன வாரம் அதை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். சும்மா அனுப்பினால் அது எனக்குத்தான் சாட்சி. பின்பக்கத்தில் நகை யாருடையது என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டியிருந்தது. வக்கீலுக்கு இன்னும் சொல்லவில்லை.