இடது இடுப்புக்கு ஓர் அருவாள் உறை

தென்னை ஏறுகிறவர்களின் அருவாள் பெரும்பாலும் வலது இடுப்பில்தான் தொங்கும். முதுகுப் பக்கம் கயிற்றில் செருகி ஏறுகிறவர்களும் பிடி வலப்பக்கம் சாய்ந்திருக்கிற மாதிரிதான் செருகுவார்கள். உருவுகிற கை வலக்கை என்பதால் வந்த பழக்கம் இது. உலகத்தில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு இடக்கைப் பழக்கம் உண்டு என்கிறார்கள். அந்த ஒருவர் மரம் ஏறுகிறவராக இருந்தால் என்ன செய்வார்?

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் 15 வருஷமாக மரம் ஏறிக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒருவருக்கு இதுதான் தினப்படிப் பிரச்னை. சோறு சாப்பிடுவது வலக்கையில். சின்ன வயதில் வீட்டில் அடித்துப் பழக்கியது அது. வெட்டுவது, எறிவது, ஆணி அடிப்பது எல்லாம் இடக்கையில். ஆனால் தொழில் கற்றுக்கொடுத்த மாமா வலக்கைக்காரர். அவர் கட்டிவிட்ட மாதிரியே இவரும் அருவாளை வலது இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மரத்துக்கு மேலே போனதும் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தளைநாரில் கால் ஊன்றி, ஒரு கையால் மரத்தைக் கட்டிப்பிடித்து, மறு கையால் அருவாளை உருவ வேண்டும். வலக்கைக்காரருக்கு இதில் சிக்கலே இல்லை. இவருக்கோ வெட்டும் கை ஒரு பக்கம், அருவாள் மறு பக்கம். இடக்கையைக் குறுக்கே கொண்டுபோய் உருவலாம் என்றால் நெஞ்சுக்கு முன்னால் மரம் இருக்கிறது. ஆகவே வலக்கையால் உருவி இடக்கைக்கு மாற்றுவார். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் இரண்டு கையும் மரத்தில் இல்லை. காலும் நாரும்தான் தாங்குகின்றன.

காய் வெட்டுவதோடு வேலை முடிந்துவிட்டால் பரவாயில்லை. காய்ந்த மட்டை, பன்னாடை, பழைய பாளை எல்லாவற்றையும் எடுத்து, குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்திருக்கிறதா என்று கையால் விலக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அருவாள் உறைக்குள் போகும், வரும். ஒரு மரத்துக்கு நாலு தடவை என்று வைத்தாலும் 40 மரம் ஏறுகிற நாளில் 160 தடவை. மழைக்காலத்தில் பாசி பிடித்த நெட்டை மரத்தில் இது எப்படியிருக்கும் என்பது மரம் ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

வலக்கையால் வெட்டவும் பழகிப் பார்த்தார். குலையின் காம்பில் விழ வேண்டிய வெட்டு பக்கத்து இளம்பாளையில் விழுந்தது. பாளையில் வெட்டு விழுந்தால் அந்தக் குலையே போச்சு. தோப்புக்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஆளப் பாத்துக்கிடுறேன்பா" என்று சொல்லிவிட்டார். 45 நாளுக்கு ஒரு வெட்டு விழுகிற தோப்பு, நல்ல கூலி, கையை விட்டுப் போனது.

அடுத்ததாக, இருக்கிற உறையையே இடது இடுப்புக்கு மாற்றிக் கட்டினார். யாருக்கும் முதலில் தோன்றுகிற வழி இதுதான். ஆனால் உறையில் இடுப்புவார் நுழைகிற காது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். வலது இடுப்பில் அருவாளின் வெட்டுவாய் பின்னால் பார்த்து நிற்கும். அதே உறையை இடப்பக்கம் கொண்டுவந்தால் வெட்டுவாய் முன்னால் திரும்பிவிடும். ஏறும்போது ஒவ்வொரு எட்டுக்கும் தொடை மேலே எழும்பி அதில் இடிக்கும். பழைய உறை, ஓரத் தையல் விட்டிருந்தது. மூன்றாம் நாள் தொடையில் கிழித்து, ஆஸ்பத்திரியில் 4 தையல். அவருடைய மனைவி அந்த உறையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

பிறகுதான் தேடல். ராஜபாளையத்தில் இரும்புக் கடை, விவசாயச் சாமான் கடை என்று நாலைந்து ஏறி இறங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்ப் பார்த்தார். "அருவாளுக்கு ஏது அண்ணாச்சி இடது, வலது? ரெண்டு கைக்கும் ஒண்ணுதானே" என்றார் ஒரு கடைக்காரர். அவர் சொன்னதில் பாதி சரி. தேங்காய் வெட்டும் அருவாள் இரண்டு பக்கமும் சாணை பிடித்தது, எந்தக் கைக்கும் ஒத்துவரும். புல்லறுக்கிற கருக்கருவாளில் அப்படியில்லை. பல் பெரும்பாலும் ஒரு முகத்தில்தான் அராவியிருக்கும். இடக்கையில் பிடித்தால் அந்த முகம் புரண்டு, தாளைப் பிடிக்காமல் வழுக்கும். தீவனப்புல் அறுக்கும் பெண்கள் பலர் 'எனக்குத்தான் அறுக்க வரல' என்று நினைத்துக்கொண்டிருப்பது இதனாலும் இருக்கலாம். கொல்லரிடம் மறு முகத்தில் பல் வெட்டித் தரச் சொன்னால் போதும்.

உறைதான் மீதிப் பாதி. துப்பாக்கிக்குத் தோலுறை செய்கிறவர்கள் வலது இடுப்புக்கு ஒன்று, இடது இடுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகவே செய்கிறார்கள். ஒன்றை மறு இடுப்பில் மாட்டினால் பிடி முன்பக்கம் திரும்பி நிற்கும். அருவாளுக்கும் அதே கணக்குத்தான். துப்பாக்கிக்கு யோசித்தவர்கள் அருவாளுக்கு யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் கைகொடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புத் தைக்கும் பெரியவர். அருவாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில பாத்தாப்புல தைக்கணும், அம்புட்டுத்தானே தம்பி?" என்றார். அம்புட்டுத்தான். ஆனாலும் முதல் உறை சரியாக வரவில்லை. அருவாளின் மூக்கு வளைவு உள்ளே சிக்கி, உருவ இரண்டு கை வேண்டியிருந்தது. இரண்டாவதை வாய் அகலமாக, கீழே போகப்போகக் குறுகலாகத் தைத்தார்.

தோலில் தைக்கவில்லை. தோல் மழையில் ஊறினால் அருவாள் துருப்பிடிக்கும். மில்லில் கழித்துப்போட்ட கனமான கித்தான் பெல்ட்டை வாங்கிவரச் சொன்னார். மில்லுக்கு ராஜபாளையத்தில் பஞ்சமில்லை. வெட்டுவாய் வருகிற ஓரத்தில் இரண்டு மடிப்புக்கு நடுவே இன்னொரு பட்டையை வைத்து ஆணி அடித்து இறுக்கினார். அந்த நடுப்பட்டை இல்லாவிட்டால் அருவாள் கொஞ்ச நாளில் தையலையே அறுத்துவிடும். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. பிடியின் மேல் ஒரு சின்ன வார், ஏறும்போது அருவாள் நழுவிக் கீழே நிற்பவர் மேல் விழாமலிருக்க. இடுப்புவார் நுழைகிற காதை மறு முகத்தில் வைத்தார். வெட்டுவாய் பின்னால் போய்விட்டது.

உறை வந்த அன்றே மரம் ஏறிவிடவில்லை. 15 வருஷப் பழக்கம் லேசில் போகாது. வலக்கை தானாக வலது இடுப்புக்குப் போய்த் தடவும். முற்றத்துத் தூணைக் கட்டிப்பிடித்து நின்று உருவுவதும் செருகுவதுமாகப் பத்து நாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் குட்டை மரம், அதற்கப்புறம்தான் நெட்டை. இப்போது உச்சியில் வலக்கை மரத்தை விடுவதே இல்லை.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பயிற்சியை நடத்துகிறது. 6 நாளில் மரம் ஏறும் கருவியைப் பழக்கிவிடுகிறார்கள். மரம் ஏறுகிறவர்களுக்கு வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் உண்டு. தோப்பு வைத்திருப்பவர்கள் தங்களிடம் வேலைக்கு வருகிறவருக்கு இதை எடுத்துச் சொன்னால் நல்லது. பயிற்சியின் முதல் நாளே 'உங்களில் யாருக்கு இடக்கைப் பழக்கம்?' என்று ஒரு கேள்வி கேட்டுவிடலாம். செலவில்லாத வேலை.

மம்சாபுரம் பக்கமிருந்து இன்னொரு இடக்கைக்காரர் இதேபோல் உறை வேண்டுமென்று கேட்டு வந்திருக்கிறார். இடுப்பில் கட்டுவது கயிறா, பெல்ட்டா, பெல்ட் என்றால் எத்தனை அங்குல அகலம் என்று அளந்துகொண்டு, அருவாளையும் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.