கடைவயலுக்கு எட்டாத மின்சாரம்

மண் அள்ளும் யந்திரம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது அதன் இரும்புக் கையும், மலையையே குடைந்தெடுக்கும் அதன் வலிமையுமேயாகும். நம் நாட்டு மக்கள் 'பெக்கோ' என்றழைக்கும் அந்த இருபது தொன் பூதம் காலையில் கண்விழிப்பதற்கு வேண்டியவை யாவை? இரண்டு பற்றரிகளும், விரல் தடிப்பான நாலைந்து செப்புக் கம்பிகளுமே. இத்தனை இரும்பும் அக்கம்பிகளின் தயவில் நிற்கிறது என்பது, இவற்றோடு பல ஆண்டுகள் பழகிய நமக்கும் இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

யந்திரம் உயிர்க்க மறுத்தால் வேலைத்தலத்தில் உடனே எழும் தீர்ப்பு, "பற்றரி போய்விட்டது" என்பதே. அதற்குச் சாட்சியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். புதிய பற்றரி வருகிறது. யந்திரம் சில நாள் ஓடுகிறது. பின்பு மீண்டும் மௌனம். அடுத்து நடப்பது குற்றவாளியைத் தேடும் படலம். இரவில் விளக்கை அணையாமல் விட்டவன் யார்? பெரும்பாலும் அகப்படுபவர் யந்திரத்தை ஓட்டுபவரேயாவர். பற்றரிக்கு வாயில்லை, அவருக்கு வாயிருந்தும் பயனில்லை.

மலைநாட்டுத் தெரு வேலையொன்றில் நாம் இதை நேரிற் கண்டோம். ஐப்பசி மழையில் மேட்டு மண் சரிந்து தெருவை மூடியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் நடந்து பாடசாலைக்குப் போய்வந்தனர். அங்கு நின்ற ஒரேயொரு யந்திரமோ மூன்றாம் முறையாக அசைய மறுத்துவிட்டது. புதிய பற்றரிகளின் விலையில் ஒரு பகுதி ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று மேலிடத்தார் கூறிவிட்டனர். "லைட்டெல்லாம் அணைச்சிட்டுத்தாங்க ஐயா எறங்கினேன்" என்று அவர் நம்மிடம் சொன்னபோது அக்குரலில் கோபம் இருக்கவில்லை, களைப்பே இருந்தது.

மல்டிமீற்றரைப் பற்றரிகளில் வைத்துப் பார்த்தோம். 12 வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக இணைந்திருப்பதால், நன்கு ஏற்றப்பட்டு ஓய்ந்திருக்கும் வேளையில் 25 வோல்ட்டை ஒட்டிக் காட்டவேண்டும். 24.9 காட்டியது. ஸ்டார்ட்டரின் முனையிலும் அவ்வளவே. எங்கும் எல்லாம் நலம் என்றது மீற்றர். சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்றொரு சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை.

மாணவ நண்பர்கள் இவ்விடத்திற் சற்றே நிற்கவேண்டும். ஜோர்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்த விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்யாதவர் நம்மில் யார்? வழியில் இழக்கப்படும் வோல்ட் என்பது மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்க வருவது. ஓட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. ஆகவே யந்திரம் சும்மா நிற்கையில், துருவேறிய இணைப்பும் புத்தம்புதிய இணைப்பும் மீற்றருக்கு ஒன்றே. ஸ்டார்ட்டர் சுழல முற்படும்போதோ நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்கிறது. 400 அம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் நூறிலொரு பங்கு தடை இருந்தாலே 4 வோல்ட் தொலைந்துபோகும். அத்துணைச் சிறு தடையைச் சாதாரண மீற்றரின் ஓம் அளவையால் நம்பத்தக்கவாறு அளக்கவும் இயலாது. குளம் நிரம்பியிருக்கக் கடைவயல் காய்ந்தால் எந்தக் கமக்காரனும் புதுக்குளம் வெட்டப் புறப்படமாட்டான். நீரைத் திறந்துவிட்டு, மண்வெட்டியுடன் வாய்க்கால் வழியே நடப்பான்.

நாமும் அவ்வாறே நடந்தோம். ஓட்டுநர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் முனையிலும் வைத்தோம். 0.3 வோல்ட். அவ்வழியிற் பழுதில்லை. பின்பு எதிர்முனைக்கும் எஞ்சினின் உடலுக்குமிடையே வைத்தோம். அரை வோல்ட்டுக்கு மேற் காட்டக்கூடாத இடத்தில் 6 வோல்ட் நின்றது. அங்கிருந்து சாண் சாணாக நகர்ந்து தேடியபோது, அவ்வளவும் எர்த் கம்பி அடிச்சட்டத்தைத் தொடும் ஒரே போல்ட்டில் விழுங்கப்படுவது தெரிந்தது.

கைமோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்து (இதை இளைஞர்கள் மறத்தலாகாது, மோதிரம் இரு முனைகளை இணைத்துவிட்டால் விரலே வெந்துபோகும்), பிரதான சுவிட்சை அணைத்து, போல்ட்டைக் கழற்றினோம். உள்ளே பளபளவென்று மஞ்சள் வர்ணம்! சில வாரங்களுக்கு முன் யந்திரத்தைப் புதுப்பித்தவர்கள், பூசிய வர்ணத்தைச் சுரண்டாமலே கம்பியை முடுக்கியிருந்தார்கள். புரியின் வழியே சிறிதளவு மின்சாரம் ஓடியிருக்கவேண்டும். மழையீரத்தில் துருவேற, அதுவும் குன்றிற்று. பற்றரியை ஏற்றும் மின்னோட்டமும் அதே வழியால் திரும்பவேண்டியதாதலின், பழைய பற்றரிகளும் புதியவையும் நாள்தோறும் அரைவயிறே உண்டு கிடந்தன. அரத்தால் இரும்பு வெளுக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். அரைமணி நேரம் ஆகவில்லை; காசும் செலவாகவில்லை. முதற் சாவியிலேயே எஞ்சின் உறுமியது.

இக்காலத்து யந்திரங்களிற் கணினியும் குடிபுகுந்திருப்பதால் சிக்கல் வேறு வடிவும் எடுக்கிறது. மின்வழங்கல் ஒரு கணம் தாழ்ந்தால் திரையிற் பிழைக்குறிகள் பத்தும் பதினைந்தும் ஒருங்கே தோன்றும். பத்து உறுப்புகள் ஒரே காலையிற் பழுதாவது அரிது. பத்துக்கும் பொதுவான ஊற்று வற்றியது என்று கொள்வதே அறிவுடைமை. உணர்கருவிகள் பலவற்றுக்குக் கணினி 5 வோல்ட்டைப் பொதுவாகப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. அவற்றுள் ஒன்று உள்ளே குறுக்கிணைந்தால், குற்றமற்ற மற்றவையும் பொய் சொல்லத் தொடங்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிவர, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் மீள்கிறதோ அதுவே பழுதானது. பொறுமையில்லாதவர்கள் பத்தையும் புதிதாக வாங்குகின்றனர். விற்பவர்களும் வேண்டாமென்று சொல்வதில்லை.

அன்று பிற்பகலே தெருவின் ஒரு பக்கம் திறந்தது. ஓட்டுநரின் சம்பளத்திற் கைவைப்பதில்லை என்று மேலிடத்தார் இணங்கினர், வருத்தம் தெரிவித்தாரில்லை. செத்துவிட்டனவென்று ஒதுக்கப்பட்டிருந்த பழைய பற்றரிகள் இரண்டையும் நாம் மெல்ல ஏற்றி, சுமை கொடுத்துச் சோதித்தோம். ஒன்று மெய்யாகவே தேறவில்லை. மற்றதை ஓட்டுநர் கேட்டு வாங்கி, வேலைமுகாமின் குசினியில் ஒரு சிறு விளக்குக்குப் பூட்டினார். மாரி முடியும்வரை அது எரிந்தது.