நோயாளம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து செம்மேட்டை அடைந்தபோது வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. தலையில் மட்டும் கனம் நிறைய இருந்தது. 1998. தமிழ் முதுகலை முடித்த கையோடு, கொல்லிமலையில் ஒரு வீட்டுக் கணக்கெடுப்புக்குத் தற்காலிக ஆளாகப் போயிருந்தேன். நன்னூல் மனப்பாடம். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் பகுதி, விகுதி, சந்தி என்று கோழி அறுப்பதுபோல் அறுத்து வைப்பேன்.

வாழவந்தி நாட்டுப் பக்கம் முதல் வீடு. திண்ணையில் ஒரு பாட்டி சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க என்ன ஆளுங்க பாட்டி?”

“மலையாளிங்க தம்பி.”

படிவத்தில் தாய்மொழிக் கட்டத்தில் ‘மலையாளம்’ என்று எழுதினேன். கேட்கக்கூட இல்லை. பேரனின் காய்ச்சல், மிளகு விலை, காட்டுப்பன்றி புகுந்த கதை எல்லாவற்றையும் அவர் எனக்குத் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காதுக்குக் கேட்டது, கைக்குக் கேட்கவில்லை. இரண்டு நாளில் 23 வீடுகள், 23 மலையாளம்.

மூன்றாம் நாள் அதே வழியாகப் போகையில், சினிமாவில் பிடித்த மலையாளத்தைக் காட்ட ஆசை. “சுகமாணோ?” என்றேன்.

முறம் நின்றது. “என்ன பாசை தம்பி அது? தெலுங்கா?”

“உங்க பாசைதானே பாட்டி.”

“நான் பேசுறது உனக்குப் புரியுதா இல்லையா?”

“புரியுது.”

“அப்புறம் என்ன?”

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ‘மலையாளி’ என்ற சொல்லையே பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிகளுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. தமிழுக்கு முதலெழுத்து 30 என்றார் தொல்காப்பியர். பப்புவா நியூ கினியில் ரோட்டோகாஸ் மொழி 11 ஒலிகளிலேயே குடும்பம் நடத்துகிறது. ஆனால் ஒன்றை மாற்றினால் போதும், கொல்லி கொள்ளியாகி மலையே தீப்பிடித்துவிடும். இந்த ஒலிகள் கூடித்தான் பொருளுள்ள துண்டு பிறக்கிறது. ‘ஆளி’ அப்படி ஒரு துண்டு. முதலாளி, தொழிலாளி, கடனாளி, நோயாளி என்று நாளெல்லாம் புழங்குகிறோம். மலையாளி என்றால் மலையில் வாழ்பவர், அவ்வளவுதான். மருத்துவமனையில் உட்கார வைத்திருந்தால் நோயாளியின் தாய்மொழி ‘நோயாளம்’ என்று எழுதியிருப்பேனா?

மலையாளம் என்பதும் முதலில் நாட்டின் பெயர்தான்; மொழிக்கு அது பிறகு வந்தது. அங்கேயும் மலை, இங்கேயும் மலை, துண்டுகள் ஒன்றே, ஆட்கள் வேறு. கல்வராயன், சவ்வாது, பச்சைமலை, சேர்வராயன் என்று இந்தத் தமிழ் மலையாளிகள் பரவியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்கே. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. பரீட்சையில் மலையாளியைப் பகுத்து எழுதச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன் என்பதுதான் வெட்கக்கேடு.

மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, 23 வெற்றுப் படிவங்களை எடுத்து நீட்டினார். மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். இந்த முறை தாய்மொழிக் கட்டம் வந்ததும் நிமிர்ந்து, “வீட்ல என்ன பாசை பேசுறீங்க பாட்டி?” என்று கேட்டேன்.

பாட்டி உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “ஏய், அந்தத் தெலுங்குக்காரத் தம்பி வந்திருக்குது. சோறு போடு.”