ஓராண்டா, நிரந்தரமா?

தாலுகா ஆபீஸ் பதிவறை தெரிந்தவர்களுக்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. ஞாபகம் இருக்கும். ஒரு கோப்பு முடிந்ததும் அதை ஓராண்டு வைப்பதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமாகவா என்று அப்போதே எழுதிவிடுவோம். கெடு முடிந்ததைக் கழிக்காவிட்டால் புதுக் கட்டு வைக்க அலமாரியில் இடம் இருக்காது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். அரசின் இலவசத் திட்டத்தில் பேத்திக்குக் கிடைத்த லேப்டாப், இப்போது சிவகிரியில் என் மேஜையில் இருக்கிறது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் உண்டு. ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கிய லினக்ஸ்தான் இன்று உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுகிறது.

சென்னையில் சர்வர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, ராத்திரி போன் வந்தா, பாதி நேரம் டிஸ்க் நிறைஞ்சிருக்கும்." சர்வர் தான் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும், அதற்கு லாக் என்று பெயர். கவனிக்காவிட்டால் அதுவே இடத்தை அடைத்து வேலையை நிறுத்திவிடும். அதைக் கழிக்க 'லாக்ரொட்டேட்' உண்டு. வழக்கமான அமைப்பில், வாரம் ஒரு கட்டாகக் கட்டி, நாலு பழைய கட்டுகளை வைத்துக்கொண்டு, அதற்கும் முந்தியதை அழித்துவிடும். சரியான ஓ.மு. குமாஸ்தா! டிஸ்க்கில் 5 சதவீதம் நிர்வாகிக்கென்று ஒதுக்கியும் இருக்குமாம். மற்றவர்களுக்கு இடம் தீர்ந்தாலும் அவர் உள்ளே வந்து சுத்தம் செய்யலாம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தர்' என்று பெயர். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். 1955-ல் ஐபிஎம் கேட்டு, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் தந்த சொல். ஆனால் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று அது தானாகச் சொல்லாது.

போன மாதம் என் டிஸ்க்கும் நிறைந்தது. 'டியூ' என்று கட்டளை கொடுத்தால் எந்த போல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும். முதலிடத்தில் நின்றவை, மறைந்த என் மனைவி இருக்கும் வீடியோக்கள். "மங்கலா இருக்கிறதை எடுத்திரலாமே மாமா" என்றார் மாப்பிள்ளை. ஒன்றில் அவள் முகமே இல்லை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, "காப்பி ஆறுது, வாங்க" என்ற குரல் மட்டும். சினிமாக்களை அழித்தேன். அவளுடையதை நி.மு. என்று பெயரிட்ட போல்டரில் போட்டு, ஒரு நகல் வெளி டிஸ்க்கிலும், இன்னொன்று மகள் வீட்டிலும் வைத்தாயிற்று.

நண்பர்களே, உங்கள் போனிலும் இடம் ஒருநாள் தீரும். எது நி.மு. என்று இப்போதே எழுதி வையுங்கள். பின்னால் கழிக்க வருகிறவர்களுக்கு அது தெரியாது.